இன்றைய உபயம்: ஒரு பொலிஸ்காரர்

தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் கொடுத்தால் மேல்மாடி அக்கா உடனே குடிக்கமாட்டா. ஆவி முகத்தில் அடிக்க, கோப்பையை இரண்டு கைகளாலும் ஏந்தி, அறையை ஒருக்கால் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்பா:

"இது ஆரின்ரை உபயம்?"

தேயிலை நான் வாங்கினது என்றால் என் பெயர். பால் மனைவி வாங்கினது என்றால் அவளுடைய பெயர். சீனி பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினது என்றால் வந்தது வினை. எழுந்துபோய்ப் பெல் அடித்து, இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் தாதியை எழுப்பி, "யுவர் சுகர், வெரி குட்" என்று சொல்லிவிட்டு வந்துதான் முதல் மிடறு. ஆறிப்போன தேத்தண்ணியை அத்தனை சந்தோசமாகக் குடித்த இன்னொரு மனிதரை இந்த மொன்றியலில் நான் காணவில்லை.

கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளும். பூ, நெய், மேளக்காரரின் சம்பளம், சாப்பாடு எல்லாம் அன்றைக்கு அவர்கள் செலவு. அதுதான் உபயம். இன்றைய உபயகாரர் இன்னார் என்று மைக்கில் வாசிக்கிறதுதான் அக்காவின் தொண்டு. கிழமை நாட்களில் டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலை. அங்கே வாய் திறக்கத் தேவையில்லை. அப்படிச் சேர்ந்த பேச்செல்லாம் வெள்ளிக்கிழமை பின்னேரம் மைக்குக்குள் பாயும். அந்தக் குரலில் உங்கள் பெயரைக் கேட்டால் உங்களுக்கே உங்கள்மேல் ஒரு மரியாதை வரும். மூன்று பிள்ளைகளோடு வாடகைக்கு அல்லாடுகிறவன் தலைநிமிர்ந்து, ஏதோ நாலு ஊருக்குச் சொந்தக்காரன் மாதிரிச் சுற்றிவரப் பார்ப்பான்.

கோயிலோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நகர நடுவில் இருக்கிற மலைக்கு உலாத்தப் போனால், அங்கே ஆட்கள் இருந்து இளைப்பாறுகிற வாங்குகளில் செத்துப்போனவர்களின் நினைவாகச் சின்னப் பித்தளைத் தகடு பதித்திருப்பார்கள் அல்லவா, அதைக் குனிந்து, உரத்து, எழுத்துக் கூட்டி வாசித்து முடித்துத்தான் அதில் இருப்பா. "கேட்டிட்டு இருக்கவேணும் தம்பி. அவையின்ரை வாங்கு." பித்தப்பை ஆபரேஷன் முடிந்து கண்விழித்ததும் அவ கேட்ட முதல் கேள்வி அந்தக் கட்டில் ஆருடைய உபயம் என்பது. ஆஸ்பத்திரிச் சுவரில் நன்கொடையாளர் பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. நடக்க ஏலுமான அன்றைக்கு, சேலைன் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு போய், அதற்கு முன்னால் நின்று முழுவதையும் வாசித்தா. வைத்தியர்கள் அதை மருந்தின் பக்கவிளைவு என்று நினைத்தார்கள்.

நாங்கள் அவவை 'உபய அக்கா' என்போம். சொந்தப் பெயர் உண்டு. நான் இங்கே எழுதமாட்டேன். ஒருமுறை கோயில் மலரில் அவவின் பெயரையும் போடலாமே என்றதற்கு, "வாசிக்கிற ஆளின்ரை பேரை ஆரும் வாசிக்கிறேல்லை. நீர் உம்மட கவிதையைப் பாரும்" என்று துரத்திவிட்டா.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் இருந்த கட்டடத்தின் முன்வாசல் ஒரு நாற்சந்தியைப் பார்த்து நின்றது. எதிர்க்கரையில் பள்ளிக்கூடம். ஆஸ்பத்திரிக்குப் போகிற கார், பல்கலைக்கழகத்துக்குப் போகிற கார், இரண்டுக்கும் பிந்திப்போன கார், பஸ், சாமான் இறக்கும் லொறி எல்லாம் காலை எட்டு மணிக்கு அந்த மூலையில்தான் முட்டிமோதும். மஞ்சள் விளக்கை அங்கே ஆரும் எச்சரிக்கை என்று எடுப்பதில்லை, ஓடு என்ற கட்டளையாகத்தான் எடுப்பார்கள்.

ஒரு வசந்த காலையில் என் மகள், அப்போது இரண்டாம் வகுப்பு, பாதையில் கால் வைத்தாள். திரும்பின லொறி ஒன்று அவள் முதுகுப்பையின் வாரைக் கொளுவிக்கொண்டு போனது. பை போனது, பிள்ளை நின்றாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். தெருவெல்லாம் நிறப்பென்சில்கள். லொறி நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த மூலைக்கு வந்தால் மகளுக்குக் கால் மடங்கிவிடும். அழமாட்டாள், கத்தமாட்டாள், அப்படியே குந்திவிடுவாள். தூக்கிக்கொண்டுதான் கடப்பேன். காலையும் பின்னேரமும். வளர்ந்த பிள்ளையைத் தகப்பன் தோளில் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அப்பா, கெதியா" என்று அவசரப்படுத்துவாள். வேறொன்றும் சொல்லமாட்டாள்.

பெற்றோர் சங்கம் ஊரெல்லாம் மனுக் கொடுத்தது. கடைசியில் நகரசபையிலிருந்து வந்த பதில் இது: பரீட்சார்த்தமாக ஒரு பள்ளி வருடத்துக்கு, காலையும் பின்னேரமும், ஒரு பொலிஸ்காரரை அந்த மூலையில் நிறுத்தலாம். செலவில் பாதி நகரம், பாதி நீங்கள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லாரும் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தோம். பொலிஸ்காரருக்கு எப்படிக் காசு சேர்ப்பது? கேக் விற்றா? பழைய உடுப்பு விற்றா? பின்வரிசையில் ஒரு கதிரை கிறீச்சிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையே இல்லாத, மகன் வளர்ந்து ரொறொன்ரோவில் வேலை பார்க்கிற, வெறும் புதினம் பார்க்க வந்த அக்கா எழுந்தா.

"இதுக்கேன் எல்லாரும் செத்தவீடு மாதிரி இருக்கிறியள்? ஒரு நாளைக்கு ஒரு குடும்பம். பள்ளிக்கூட நாளைப் பிரிச்சு விடுங்கோ. உபயம்."

நான் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தேன். ஹெயிட்டிக்காரர் ஒருவர் கைதட்டினார். மொரோக்கோ தகப்பன் ஒருவர், தன் ஊரிலும் பள்ளிவாசலுக்கு இப்படி உண்டு என்று சொல்லி அந்த இடத்திலேயே ஒரு வியாழக்கிழமையைக் கேட்டார். எங்கள் கட்டடத்தில் இருந்த சென்னைப் பொடியன், கணினிக் கொம்பனியில் வேலை, மட்டும் என் காதில் சொன்னான்: "சார், எங்க ஊர்ல கோயில் டியூப்லைட்ல உபயம்னு எழுதி எழுதி வெளிச்சமே வராது. போலீஸ்காரர் முதுகுல எழுதிடப் போறாங்க, பாத்துக்குங்க."

அவன் வாயில் சர்க்கரை போட்டிருக்கவேண்டும். அல்லது பிளாஸ்திரி.

அந்தக் கோடை முழுவதும் அக்கா பறந்தா. பள்ளி திறக்கிற நாள் கொடியேற்றம். டிசெம்பரில் நத்தார் விடுமுறைக்கு முந்தின நாள் தேர். ஜூன் மாதக் கடைசி நாள் தீர்த்தம். தேரை எடுக்க இரண்டு சகலன்கள் சண்டைபிடித்து ஒரு கலியாணவீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒக்டோபர் வெள்ளிகள் வடை மாதிரிப் பறந்தன. ஜனவரியை மட்டும் ஆரும் தொடவில்லை. நத்தார்ச் செலவு கழிந்து எல்லார் கையும் விறைத்திருக்கிற மாதம்.

ஜனவரியை எடுத்தவர் பலசரக்குக் கடை முதலாளி. புறநகரான பியர்பொன்ட்ஸில் வீடு, கடை எங்கள் தெருவில். முழு ஜனவரியையும் எடுத்தார். அதோடு கொடியேற்றத்தையும் கேட்டார். "முதல் நாள் எனக்கு வேணும். இல்லாட்டி ஜனவரி இல்லை." அக்கா ஒத்துக்கொண்டா. பெரிய மனுசன், பெரிய மனசு என்றா. அதற்குத்தான் பிறகு வாயில் அடித்துக்கொண்டா.

பள்ளி திறந்தது. பொலிஸ்காரர் வந்தார். நெட்டை, இளந்தாரி, காது சிவந்த முகம், புது மஞ்சள் மேலங்கி. நாற்சந்தியின் நடுவுக்கு நடந்து வந்து வலது உள்ளங்கையை உயர்த்தினார். கார்கள் நின்றன. லொறி நின்றது. பஸ்கூட மூச்சுவிட்டு நின்றது. அக்கா என் முழங்கையைப் பிடித்து உலுப்பினா.

"பாரும் தம்பி, கையைப் பாரும். கோயில்லை முருகன் பிடிக்கிற அதே கை. காரைப் பாத்தா நில். பிள்ளையளைப் பாத்தா பயப்பிடாதை."

மகள் என் தோளிலிருந்து தலையைத் தூக்கி அந்தக் கையைப் பார்த்தாள். "இறக்கி விடுங்கோ" என்றாள். என் கையை நொறுக்குகிற மாதிரிப் பிடித்தபடி, ஆனால் தன் காலால், கடந்தாள். எனக்கு அந்தக் காலை முழுவதும் தரையில் கால் படவில்லை. மேப்பிள் மரங்களெல்லாம் என்னைப் பார்த்துக் கைகாட்டின என்று எழுதினால் மிகை என்பீர்கள். காட்டின.

அப்போதுதான் முதலாளியின் வெள்ளை வான் வந்தது. நேரே வந்து பாதசாரிக் கடவையின் மேலேயே, வெள்ளைக் கோடுகளை மறைத்துக்கொண்டு நின்றது. கதவு திறந்தது. பட்டுவேட்டியோடு முதலாளி இறங்கினார். பின்னால் ஒரு பெட்டி வடை, ஒரு வாளி பொங்கல், ஆளுயர மாலை, பொன்னாடை, போட்டோக்காரர். பொலிஸ்காரர் என்ன ஏது என்று விளங்குமுன் அவருடைய சீருடைக்கு மேல் சரிகை பளபளத்தது. மாலை கழுத்தில் விழுந்து தொப்பி சரிந்தது. கிளிக்.

கடவை அடைபட்டதால் பிள்ளைகள் வானைச் சுற்றித் தெருவுக்குள் இறங்கினார்கள். பஸ் ஒன்று பலமாக ஹோர்ன் அடித்தது. என் மகள் மறுகரையில் நின்று, திரும்பவும் குந்தினாள்.

பொலிஸ்காரர் மாலையைக் கழற்றினார். பொன்னாடையை மடித்தார், அதைக்கூட மிகப் பக்குவமாக. பிறகு சட்டைப்பையிலிருந்து அபராத டிக்கெட் புத்தகத்தை எடுத்தார்.

"என்ரை உபயத்திலை எனக்கே டிக்கெட்டோ?" முதலாளியின் குரல் மலைவரை கேட்டிருக்கும். "அக்கா! இஞ்சை வாங்கோ! இவருக்குச் சொல்லுங்கோ, இண்டைக்கு என்ரை நாளெண்டு!"

அக்கா சொன்னா. அவவுக்குத் தெரிந்த பிரெஞ்சில், அந்த மைக் குரலில். "மிஸ்யூ பொலிஸ்! ஓஜூர்துய், செ லுய்!" இன்றைக்கு இவர்தான். பொலிஸ்காரர் தலையாட்டினார். "உய், மதாம். செ லுய்." ஆம் அம்மா, இவர்தான். டிக்கெட்டைக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

படம் அன்று பின்னேரமே எல்லார் போனிலும் இருந்தது. பொன்னாடை போர்த்த பொலிஸ், கீழே பெரிய எழுத்தில்: இன்றைய உபயம், இன்னார் குடும்பம். பொலிஸ் நிலையத்திலும் இருந்தது.

மறுகிழமை மண்டபத்துக்கு அவருடைய மேலதிகாரி வந்தா. நரைத்த குட்டை முடி, சிரிக்காமல் சிரிக்கிற கண். தெளிவாகச் சொன்னா, நான் மொழிபெயர்த்தேன். பொலிஸ்காரர் ஆருடைய ஆளும் அல்ல. எந்த நாளும் எந்தக் குடும்பத்தின் நாளும் அல்ல. மாலை இல்லை, வடை இல்லை, படம் இல்லை. முக்கியமாக, தந்தவர்களின் பெயரை இனி எங்கேயும் பகிரங்கமாகச் சொல்லக்கூடாது. காசு எல்லாம் ஒரே உண்டியல். இதற்குச் சம்மதமென்றால் ஆள் நிற்பார். பங்கு குறைந்தால் போய்விடுவார்.

முதலாளி எழுந்தார். "பேர் வாசிக்காத உபயம் என்ன உபயம்? அது தண்டம். என்ரை ஜனவரியை நான் எடுக்கிறன்." போய்விட்டார். தேர் சகலன்கள் இருவரும், வாழ்க்கையில் முதல்முறை ஒற்றுமையாக, பின்னால் போனார்கள்.

மேலதிகாரி பெருமூச்சுவிட்டா. ஜனவரிப் பங்கு நத்தாருக்குள் வராவிட்டாலும் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற நாள்வரை பொறுப்பதாகவும், அன்றும் வராவிட்டால் அதுவே கடைசி நாள் என்றும் சொன்னா.

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். பெயர் சொல்லக்கூடாது என்று அவவுக்குச் சொல்வது மீனுக்குக் கரையில் கதிரை போட்டுக் கொடுப்பது. முகம் வாடி, உதட்டை மடித்து, தாலிக்கொடியைத் திருகிக்கொண்டு இருந்தா. பிறகு மெல்லக் கை தூக்கினா.

"தம்பி, ஒண்டு கேளும் அவவிட்டை. பகிரங்கமாத்தானே சொல்லக்கூடாது? காதுக்குள்ளை சொல்லலாமோ?"

கேட்டேன். மேலதிகாரி தன் குறிப்புப் புத்தகத்தை மூடினா. "உங்கள் போனில் நீங்கள் ஆரோடு என்ன கதைக்கிறீர்கள் என்பது பொலிஸ் வேலை அல்ல, மதாம்."

அக்காவின் முகத்தில் மின்சாரம் வந்தது.

அடுத்த திங்கட்கிழமையில் இருந்து தொடங்கியது. காலை ஏழு மணி. உங்கள் நாள் என்றால் உங்கள் போன் அடிக்கும். எடுத்தால் முதலில் ஒரு செருமல். பிறகு கோயிலில் நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு வாசிக்கிற அதே ராகம், அதே நீட்டல், அதே நிறுத்தம், ஒரேயொரு காதுக்காக.

"இன்றைய... உபயம்..."

என் நாள் ஒரு புதன். குளித்துவிட்டு இடுப்பில் கட்டின துவாயோடு நின்றேன். என் பெயர் வந்தது. என் மனைவியின் பெயர் வந்தது. மகளின் பெயர் வந்தது, நட்சத்திரத்தோடு. "இவர்கள் குடும்பம், இன்று காலையும் மாலையும், இந்த மூலையைக் கடக்கும் சகல பிள்ளைகளுக்கும், ஒரு கை தருகிறார்கள்." கிளிக். வேறு ஒன்றுமில்லை. குட்மோர்னிங்கூட இல்லை. இரண்டு மாடி மேலே இருக்கிற மனுசி, படியிறங்கி வந்து கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். நான் துவாயைப் பிடித்துக்கொண்டு, ஈரத்தோடு, ஏனென்று தெரியாமல் நடுக்கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினேன். துவாய் விழுந்தது. மகள் சிரித்த சிரிப்பில் பிலிப்பைன்ஸ் தாதி சுவரைத் தட்டினா.

மொரோக்கோ தகப்பன் வியாழக்கிழமை என்னைப் பிடித்துக்கொண்டார். "விடியற்காலை ஒரு பெண்மணி போனில் பாட்டுப் பாடினா. ஒரு சொல்லும் விளங்கவில்லை, என் பெயரும் என் ஐந்து பிள்ளைகளின் பெயரும் தவிர. என் மனைவி அழுதுவிட்டாள். அடுத்த வியாழனும் எனக்குத் தரமுடியுமா?"

காற்றில் செய்தி பரவியது. காதுக்குள் கேட்கிற பெயர் ஸ்பீக்கரில் கேட்கிறதைவிட இனிக்கிறதாம். உபயம் எடுக்காதவர்கள் எடுத்தார்கள். தேர் சகலன்கள் திரும்பி வந்து, ஆளுக்கு ஒரு நேரமாக, ஒருவருக்குக் காலை, ஒருவருக்குப் பின்னேரம், தேரைப் பங்குபோட்டார்கள்; அக்கா அன்றைக்கு இரண்டு போன் எடுத்தா. பொலிஸ்காரர் ஒன்றும் அறியாதவராக, மாலையில்லாமல் வடையில்லாமல், பனியிலும் மழையிலும் கை உயர்த்திக்கொண்டு நின்றார். மகள் என் கையை நொறுக்காமல் பிடிக்கப் பழகியிருந்தாள். இரண்டு விரல் போதும் என்ற அளவுக்கு வந்துவிட்டாள்.

ஜனவரி மட்டும் வெறுமையாக இருந்தது. மற்ற எல்லா நாளும் போய், முழுதாக ஒரு மாதம். அதை எடுக்க ஆரிடமும் வலு இல்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு அக்காவின் வீட்டுக்கு ஏறிப்போனேன். குளிர் ஜன்னல் கண்ணாடியில் பூப்பூத்திருந்தது. கீழே மூலையில் பொலிஸ்காரர் வழமையைவிட முந்தியே வந்து கால்மாற்றிக் கால்மாற்றி நின்றார். கடைசி நாளாக இருக்கலாம் என்று அவருக்கும் தெரியும். மகளுக்கும் தெரியும். காலைச் சாப்பாட்டுக்கு வாயே திறக்கவில்லை. "நாளைக்கு என்னைத் தூக்குவீங்களா அப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏழு மணி. அக்கா போனை எடுத்து நம்பரை அழுத்தினா.

"ஆருக்கு அக்கா?"

"உபயகாரருக்கு."

"இண்டைக்கு உபயகாரரே இல்லையே."

"பொத்தும் வாயை."

மறுமுனையில் எடுத்தது கேட்டது. செருமல். "இன்றைய... உபயம்..." முதலாளியின் முழுப்பெயர், தகப்பன் பெயரோடு. மனைவி பெயர். அமெரிக்காவில் இருக்கிற மகன், மருமகள். வன்னியில் செத்துப்போன தம்பியின் பெயர், அது எனக்குத் தெரியாது, அக்காவுக்குத் தெரிந்திருந்தது. "இவர்கள் குடும்பம், இந்த மாதம் முழுவதும், இந்த மூலையைக் கடக்கும் சகல பிள்ளைகளுக்கும், ஒரு கை தருகிறார்கள்."

போனுக்குள் ஒரு சத்தமும் இல்லை. வைக்கவும் இல்லை. கனநேரம் கழித்து அவரே வைத்தார்.

"என்ன அக்கா, அவர் தரேல்லையே. பொய்யெல்லோ வாசிச்சனீங்கள்?"

"வாசிச்சாச்சு. இனி அவர் பாத்துக்கொள்ளட்டும்."

கீழே இறங்கினோம். எட்டு மணிக்குக் கிட்ட. பள்ளிப் பிள்ளைகள் பொதிபொதியாக உருண்டு வந்தார்கள். தெருவின் தூரக் கோடியில், இரண்டு குறுக்குத்தெருவுக்கு அங்காலே, வெள்ளை வான் நிறுத்தியிருப்பது தெரிந்தது. அங்கிருந்து ஒரு உருவம் நடந்து வந்தது. பனியில் சறுக்கி, சமாளித்து, திரும்பச் சறுக்கி. தோளில் பனி அள்ளுகிற சவள். கடவைக்கு வந்து, ஒருத்தரையும் பார்க்காமல், வண்டிகள் ஒதுக்கிவிட்டுப் போன பனிமேட்டை வெட்டித் தள்ளத் தொடங்கினார். வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மூச்சிரைக்க நிமிர்ந்தபோது மீசையில் உறைபனி.

"அக்கா. பின்னேரம் கடைக்கு வாங்கோ. ஜனவரி என்ரைதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "காலமை போனிலை சொன்னியளே, அதை ஒருக்கால் திருப்பிச் சொல்லுங்கோ."

"ஒரு நாளைக்கு ஒருக்காத்தான்."

"தம்பியின்ரை பேரை மட்டும்."

"நாளைக்கு அண்ணை. நாளைக்கும் உங்கடை நாள்தானே."

பொலிஸ்காரர் கையுறையைக் கழற்றி அவரிடம் கை நீட்டினார். முதலாளி பதறிப் பின்வாங்கினார். "நோ நோ, நோ கிஃப்ட்!" பொலிஸ்காரர் சிரித்த சிரிப்பில் தொப்பி விழுந்தது. என் மகள் அதை எடுத்துக் கொடுத்தாள். நடுத்தெருவில் நின்று. அதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

ஜூன் மாதத் தீர்த்தம் நல்லபடி முடிந்தது. அந்த வருடம் அந்த மூலையில் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை. நகரம் பார்த்தது, யோசித்தது, கடைசியில் இனி முழுச் செலவும் தன்னுடையது என்றது. பாதி வேண்டாம். உண்டியல் வேண்டாம். கட்டடம் முழுக்கக் கைதட்டியது. மொரோக்கோ தகப்பன் மட்டும் தன் வியாழக்கிழமைகளை நினைத்து முகம் வாடினார்.

அக்காவும்தான். கோடை முழுவதும் பல்கனியில் இருந்து அந்த மூலையைப் பார்த்தபடி யோசனை. ஒருநாள் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினா. ஆருடைய உபயம் என்று கேட்கவே இல்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"என்ன அக்கா, சுகமில்லையோ?"

"நகரம் தருகுதெண்டு சொல்லுறியள். நகரமெண்டா ஆர் தம்பி? அதுக்கு என்ன நட்சத்திரம்?"

செப்டெம்பர் வந்தது. பள்ளி திறக்கிற காலை. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்குப் போன் அடித்தது. செருமல்.

"இன்றைய... உபயம்... மொன்றியல் மாநகரில்... வரி கட்டும் சகலரும்."

ஒரு வருடத்துச் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "சரியக்கா! நல்ல சந்தோசம்! வைக்கட்டோ?"

"என்ன வைக்கிறது? இன்னும் நான் வாசிக்கவே தொடங்கேல்லை!"

தொடங்கினா. எங்கள் கட்டடத்தில் இருந்து. கீழ்மாடி, முதலாம் கதவு: காவலாளி, அவருடைய சொந்தப் பெயர், மனைவி பெயர். இரண்டாம் கதவு: பூனை வளர்க்கிற போர்த்துக்கீசக் கிழவர், தகப்பன் பெயரோடு. மூன்றாம் கதவு: சென்னைப் பொடியன், நட்சத்திரம் மகம். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, எட்டு மணிக்குக் கிட்டப் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மகளோடு இறங்கினேன். கட்டடத்து மின்தூக்கியில், வாசலில், நடைபாதையில், என் நெஞ்சுக்குள் இருந்து பெயர்கள் பொங்கி வழிந்துகொண்டே இருந்தன. பிலிப்பைன்ஸ் தாதியின் பெயர் வந்தபோது அவவே எதிரே வந்தா, இரவு வேலை முடிந்து. தன் பெயரைக் கேட்டு விறைத்து நின்றா. "யுவர் டாக்ஸ், வெரி குட்" என்றேன்.

மூலையில் அதே நெட்டைப் பொலிஸ்காரர். கோடை வெயிலில் காது இன்னும் சிவந்திருந்தது. மேல்மாடிப் பல்கனியில் அக்கா ஒரு கையில் போனோடு நின்று மறுகையை ஆட்டினா. சட்டைப்பையில் இருந்து குரல் வந்தது.

"அந்தா நிக்கிறாரே, அவரும் வரி கட்டுறார். அவருக்கு அவரே உபயம்." அவருடைய முழுப்பெயர், நடுப்பெயர், தாய் வீட்டுப் பெயர். எப்படி அறிந்தாவோ. பொலிஸ்காரர் திடுக்கிட்டு மேலே பார்த்தார். பிறகு, பட்டாளத்துக்காரர் மாதிரிக் குதிகளை ஒன்றாகச் சேர்த்து, வலது உள்ளங்கையை உயர்த்தினார்.

எல்லாம் நின்றது. கார், பஸ், லொறி.

இரண்டு விரலைத் தேடிக் கையை நீட்டினேன். காற்றைத்தான் பிடித்தேன். மகள் எனக்கு முன்னால், புதுப்பை முதுகில் துள்ள, வெள்ளைக் கோடு விட்டு வெள்ளைக் கோடு தாவிப் போய்க்கொண்டிருந்தாள். மறுகரையில் ஏறித் திரும்பி, "அப்பா, கெதியா!" என்று கத்தினாள்.

ஓடினேன். கடந்தேன். பள்ளி மணி அடித்தது, பிள்ளைகள் உள்ளே போனார்கள், பொலிஸ்காரர் கையைத் தாழ்த்தினார், மொன்றியல் திரும்ப உறுமத் தொடங்கியது. என் சட்டைப்பைக்குள் அக்கா இன்னும் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியைத் தாண்டவில்லை.